கல்லூரிச் சேமிப்பும் வரிக்கழிவும்: அமெரிக்காவின் 529 திட்டம் யாருக்குக் கைகொடுக்கிறது?

டிசம்பர் கடைசி வாரத்தில் அமெரிக்காவில் பிள்ளை வளர்ப்பவர்கள் பலர் ஒரு காரியத்தை மறக்காமல் செய்கிறார்கள். குழந்தையின் படிப்புக்கென்று தொடங்கிய 529 கணக்கில் சில ஆயிரம் டாலரைப் போட்டுவிடுகிறார்கள். 31-ஆம் தேதி தாண்டிவிட்டால், பல மாநிலங்களில் அந்த ஆண்டுக்கான மாநில வருமான வரிக்கழிவு கைநழுவிப் போகும்.

ஒரு தமிழ்க் குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். சிகாகோவில் அண்ணன், டல்லாஸில் தம்பி, சான் ஹோசேயில் அக்கா. அண்ணன் பணத்தைக் கட்டிவிட்டுத் தம்பியிடம், "நீ போட்டுட்டியா?" என்று கேட்டால் தம்பிக்கு அந்த அவசரமே புரியாது. டெக்சாசில் மாநில வருமான வரி கிடையாது. ஆகவே கழிக்கவும் ஒன்றுமில்லை. அக்காவின் நிலைமை வேறு. கலிபோர்னியா நாட்டிலேயே அதிக வருமான வரி வாங்கும் மாநிலங்களில் ஒன்று. ஆனாலும் 529 கணக்கில் போடும் பணத்துக்கு அது ஒரு சென்ட்கூடக் கழிவு தருவதில்லை. அண்ணனின் இலினாயோ, தம்பதியாக வரிக்கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் வரை கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது.

மூவரும் ஒரே நாட்டில் ஒரே மத்திய சட்டத்தின்கீழ் ஒரே நோக்கத்துக்காகச் சேமிக்கிறார்கள். இருந்தும் ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. இது ஏன் இப்படி அமைந்தது, இந்தக் கழிவின் உண்மையான மதிப்பு என்ன, அது யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பவற்றைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். தமிழ்நாட்டில் இந்திய வருமான வரிச் சட்டத்தின் 80-சி பிரிவின்கீழ் பள்ளிக் கட்டணத்தையும் காப்பீட்டுத் தவணையையும் கழித்துப் பழகியவர்கள், அமெரிக்காவுக்குப் போனதும் அதே கண்ணோடுதான் 529-ஐப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையில் பாதிதான் சரி.

திட்டம் பிறந்த கதை

529 என்பது அமெரிக்க உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தின் ஒரு பிரிவு எண். ஆனால் இதன் விதை வாஷிங்டனில் விழவில்லை, மிச்சிகனில் விழுந்தது. 1980-களில் கல்லூரிக் கட்டணம் சம்பளத்தை முந்திக்கொண்டு ஏறியபோது, மிச்சிகன் ஆளுநர் ஜேம்ஸ் பிளாஞ்சர்ட் ஒரு யோசனையை முன்வைத்தார். குழந்தை சிறியதாக இருக்கும்போதே பெற்றோர் ஒரு தொகையைக் கட்டிவிட வேண்டும். அந்தக் குழந்தை வளர்ந்து கல்லூரிக்குப் போகும்போது, கட்டணம் எவ்வளவு ஏறியிருந்தாலும் மாநிலம் பொறுப்பேற்கும். 1986-இல் இதற்கென்றே மிச்சிகன் கல்வி அறக்கட்டளை சட்டமாக உருவானது.

பெற்றோர் கட்டிய பணத்தை அறக்கட்டளை முதலீடு செய்தது. அந்த வருமானத்துக்கு வரி கட்டு என்றது மத்திய வருவாய்த் துறை. மிச்சிகன் வழக்குத் தொடுத்து முதலில் தோற்றது. 1994-இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மிச்சிகன் பக்கம் தீர்ப்பளித்தது. மற்ற மாநிலங்களும் இதே வழியில் நடக்கத் தொடங்கியிருந்ததால், குழப்பத்துக்கு முடிவுகட்ட நாடாளுமன்றம் 1996-இல் 529-ஆம் பிரிவைச் சேர்த்தது.

அப்போதும் சலுகை அரைகுறையாகவே இருந்தது. பணம் வளரும்வரை வரி இல்லை, எடுக்கும்போது மாணவரின் பெயரில் வரி உண்டு என்பதே நிலை. 2001-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றி, 2002 முதல் படிப்புக்காக எடுக்கும் பணத்தின் வளர்ச்சிக்கு மத்திய வரியே இல்லை என்றாக்கியது. அந்தச் சலுகை 2010-இல் காலாவதியாக வேண்டியது, 2006-இல் நிரந்தரமாக்கப்பட்டது. இன்று ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் கணக்குகளில் 50,000 கோடி டாலருக்கும் அதிகமான பணம் இருக்கிறது.

இதில் இரண்டு வகை உண்டு. மிச்சிகன் தொடங்கியதுபோல் கட்டணத்தை முன்கூட்டியே கட்டுவது ஒன்று. பணத்தைப் பரஸ்பர நிதிகளில் போட்டு வளர்ப்பது மற்றொன்று. இன்று பெரும்பாலானோர் வைத்திருப்பது இரண்டாவது வகைதான்.

மத்திய சட்டம் தருவதும் தராததும்

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். 529 கணக்கில் போடும் பணத்துக்கு மத்திய வருமான வரியில் எந்தக் கழிவும் கிடையாது. ஓய்வுக்காலச் சேமிப்பான 401-கே கணக்கைப்போல் சம்பளத்திலிருந்து வரிக்கு முன்னால் பிடித்துப் போடும் பணமல்ல இது. வரி கட்டிய பின் கையில் வந்த பணத்தைத்தான் போடுகிறோம்.

மத்திய அரசு தருவது வேறொன்று. கணக்கில் இருக்கும்வரை வளர்ச்சிக்கு வரி இல்லை. கல்விக் கட்டணம், புத்தகம், கணினி, குறைந்தது அரைநேர மாணவராகவாவது படித்தால் தங்கும் இடமும் உணவும் என, சட்டம் ஏற்கும் செலவுக்கு எடுத்தால் அப்போதும் வரி இல்லை. வேறு காரியத்துக்கு எடுத்தால் வளர்ச்சிப் பகுதிக்கு மட்டும் வருமான வரியும் கூடுதலாக 10 சதவீத அபராதமும் விழும். போட்ட அசலுக்கு இரண்டும் இல்லை.

காலப்போக்கில் இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே வந்தது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிக் கட்டணத்துக்கும் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை எடுக்க வழிவிட்டது. 2019-இல் தொழிற்பயிற்சிச் செலவும், வாழ்நாளில் 10,000 டாலர் வரை கல்விக் கடன் அடைப்பும் சேர்ந்தன. 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டம் பள்ளி மாணவரின் பாடநூல், தனிப்பயிற்சி, தேர்வுக் கட்டணம் ஆகியவற்றையும் தொழிற்சான்றிதழ்ப் படிப்புகளையும் உள்ளே கொண்டுவந்தது. பள்ளிச் செலவுக்கான உச்சவரம்பை 2026 முதல் 20,000 டாலராக உயர்த்தியது.

இன்னொரு முக்கியமான விஷயம்: கணக்கைப் பெரும்பாலும் எந்த மாநிலத்தின் திட்டத்திலும் தொடங்கலாம். கலிபோர்னியாவில் வாழ்பவர் யூட்டாவின் திட்டத்தில் சேர்ந்து, பிள்ளையைப் பாஸ்டனில் படிக்க வைக்கலாம். இந்தச் சுதந்திரத்தை மத்திய சட்டம் தந்திருக்கிறது. மாநில வரிக்கழிவு அந்தச் சுதந்திரத்தின்மேல் மாநிலங்கள் வைக்கும் தூண்டில்.

மாநிலங்கள் வகுத்த வழிகள்

சொந்த மாநிலத்தில் வருமான வரி கட்டுபவருக்குக் கழிவோ தள்ளுபடியோ தரும் மாநிலங்கள் 30-க்கும் அதிகம். அவற்றின் முறைகளை வகை பிரித்துப் பார்த்தால் காடு கொஞ்சம் தெளியும்.

முதல் வகை, உச்சவரம்புள்ள கழிவு. நியூயார்க்கும் மிச்சிகனும் தனிநபருக்கு 5,000, தம்பதிக்கு 10,000 டாலர் வரை அனுமதிக்கின்றன. மாசசூசெட்ஸில் இது 1,000, 2,000. ரோட் தீவில் 500, 1,000 மட்டுமே. ஒஹையோ ஒவ்வொரு குழந்தைக்கும், வர்ஜீனியா ஒவ்வொரு கணக்குக்கும் ஆண்டுக்கு 4,000 டாலர் என்று வைத்திருக்கின்றன. ஆனால் மிஞ்சிய தொகையை அடுத்தடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். அங்கே ஒரே தடவையில் 20,000 போட்டவர் ஐந்து ஆண்டுகள் தலா 4,000 கழித்துக்கொள்வார்.

இரண்டாம் வகை, வரம்பில்லாக் கழிவு. நியூ மெக்சிகோ, தெற்கு கரோலினா, மேற்கு வர்ஜீனியா ஆகியவை போடும் தொகை முழுவதையும் கழிக்க விடுகின்றன.

மூன்றாம் வகையில் வருமானத்திலிருந்து கழிப்பதற்குப் பதிலாக, கட்ட வேண்டிய வரியிலிருந்தே ஒரு தொகையைத் தள்ளுபடி செய்கிறார்கள். இண்டியானா போட்ட பணத்தில் 20 சதவீதத்தை, அதிகபட்சம் 1,500 டாலர் வரை, வரியிலேயே குறைத்துவிடுகிறது. வெர்மான்ட் ஒரு குழந்தைக்கு முதல் 2,500 டாலரில் 10 சதவீதம் தருகிறது.

நான்காம் வகை, எந்த மாநிலத்தின் திட்டத்தில் போட்டாலும் கழிவு தருவது. அரிசோனா, கான்சஸ், மிசூரி, பென்சில்வேனியா ஆகியவை இந்தப் பெருந்தன்மையைக் காட்டுகின்றன. மற்றவற்றில் பெரும்பாலானவை தம் சொந்தத் திட்டத்தில் போட்டால் மட்டுமே தரும்.

ஐந்தாவது, ஒன்றுமே தராத மாநிலங்கள். டெக்சாஸ், ஃபுளோரிடா, வாஷிங்டன், நெவாடா, டென்னசி போன்றவற்றில் சம்பளத்துக்கு வரி இல்லாததால் இந்தக் கேள்வியே எழாது. கலிபோர்னியா, ஹவாய், கென்டக்கி, வடக்கு கரோலினா ஆகியவை வரி வாங்கியும் கழிவு தருவதில்லை. வடக்கு கரோலினா முன்பு தந்ததை 2014 முதல் நிறுத்திக்கொண்டது.

தமிழர்கள் நிறைந்து வாழும் நியூ ஜெர்சி நெடுங்காலம் ஐந்தாம் வகையில்தான் இருந்தது. 2021-இல் இயற்றிய சட்டத்தால் 2022 முதல் அங்கே தன் திட்டத்தில் போடும் பணத்துக்கு 10,000 டாலர் வரை கழிவு கிடைக்கிறது. ஆனால் குடும்ப வருமானம் 2,00,000 டாலருக்கு மேல் போகக்கூடாது. கணவனும் மனைவியுமாக இருவரும் மென்பொருள் வேலை பார்க்கும் வீடுகளில் பல இந்தக் கோட்டைத் தாண்டிவிடுகின்றன. கழிவு உண்டு என்று கேள்விப்பட்டுப் பணத்தைப் போட்டுவிட்டு, வரிக்கணக்கு போடும்போதுதான் தமக்கு இல்லை என்று அறிந்தவர்கள் உண்டு.

பத்தாயிரம் டாலருக்கு எவ்வளவு?

கழிவின் தொகையைப் பார்த்து மயங்குவது எளிது. "இருபதாயிரம் வரை கழிக்கலாம்" என்றால் இருபதாயிரம் கைக்கு வருவதுபோலத் தோன்றும். உண்மையில் அந்தத் தொகையை மாநில வரி விகிதத்தால் பெருக்கினால் வருவதுதான் நமக்கு மிச்சம்.

ஒரே குழந்தை உள்ள தம்பதி, ஓராண்டில் 10,000 டாலர் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இண்டியானாவில் 1,500 டாலர் வரி குறையும். அதற்கு 7,500 போட்டாலே போதும். நியூயார்க்கில் அவர்களுடைய விகிதம் 6 சதவீதம் என்றால் 600 டாலர். இலினாயில் 4.95 சதவீத விகிதத்தில் 495. மிச்சிகனில் 4.25 சதவீதத்தில் 425. பென்சில்வேனியாவில் 3.07 சதவீதத்தில் 307. மாசசூசெட்ஸில் 2,000 டாலருக்கு 5 சதவீதம், ஆக 100. ரோட் தீவில் 60 டாலரைக்கூடத் தொடாது. கலிபோர்னியாவிலும் டெக்சாசிலும் பூஜ்யம்.

ஒரே அளவு சேமிப்புக்கு 1,500-க்கும் பூஜ்யத்துக்கும் இடையில் இத்தனை படிகள். இதில் எந்தப் படியும் அந்தக் குழந்தையின் தேவையைப் பார்த்து அமைந்ததல்ல. பெற்றோர் எந்த மாநிலத்தில் வேலை தேடிக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

நுணுக்கமான நிபந்தனைகள்

தொகையைப்போலவே விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. கவனிக்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

யார் கழித்துக்கொள்ளலாம் என்பது முதல் கேள்வி. நியூயார்க்கிலும் வர்ஜீனியாவிலும் கணக்கின் உரிமையாளருக்குத்தான் கழிவு. பேரப்பிள்ளையின் கணக்கில் தாத்தா பணம் போட்டால், கணக்கு மகனின் பெயரில் இருந்தால், தாத்தாவுக்குக் கழிவு இல்லை. இலினாய், ஒஹையோ போன்றவற்றில் பணம் போட்டவர் எவரானாலும் அவர் கழித்துக்கொள்ளலாம்.

கெடு இரண்டாவது. பெரும்பாலான மாநிலங்களில் டிசம்பர் 31. ஜார்ஜியா, கான்சஸ், தெற்கு கரோலினா, விஸ்கான்சின் போன்ற சில, அடுத்த ஏப்ரலில் வரிக்கணக்கு தாக்கல் செய்யும் கெடுவரை போடும் பணத்தையும் முந்தைய ஆண்டுக்கு ஏற்கின்றன.

மூன்றாவது, கொடுத்ததைத் திரும்ப வாங்கும் விதி. இலினாயில் கழிவை வாங்கிக்கொண்டு பின்னர் பணத்தை வேறு மாநிலத் திட்டத்துக்கு மாற்றினால், பழைய கழிவை மாநிலம் வருமானத்தில் மறுபடி சேர்த்துவிடும். பள்ளிக் கட்டணத்தை மத்திய சட்டம் ஏற்றாலும் நியூயார்க் ஏற்பதில்லை. அங்கே அதற்காக எடுத்தால் முன்பு வாங்கிய கழிவு வரியாகத் திரும்பிவரும். கலிபோர்னியாவும் பள்ளிச் செலவை ஏற்காமல் வளர்ச்சிக்கு மாநில வரி போடுகிறது, அதோடு 2.5 சதவீத அபராதமும் உண்டு.

நான்காவது, ஒரே செலவுக்கு இரண்டு சலுகை வாங்கக்கூடாது. அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி எனப்படும் மத்திய வரித் தள்ளுபடி ஆண்டுக்கு 2,500 டாலர் வரை தருகிறது. அதற்கு 4,000 டாலர் கல்விச் செலவைக் காட்ட வேண்டும், அந்த 4,000 டாலர் 529 கணக்கிலிருந்து எடுத்ததாக இருக்கக்கூடாது. தம்பதியின் வருமானம் 1,60,000 டாலருக்குள் இருந்தால் இது முழுதாகக் கிடைக்கும்; 1,80,000-இல் முற்றிலும் நின்றுவிடும். தகுதியுள்ளவர்களில் சிலர் எல்லாக் கட்டணத்தையும் 529-இலிருந்தே கட்டிவிட்டு இந்தத் தள்ளுபடியைக் கோட்டைவிடுகிறார்கள்.

கழிவு, காலம், கட்டணம்: எது கனமானது?

குழந்தை பிறந்ததிலிருந்து மாதம் 200 டாலர், 18 ஆண்டுகள். ஆண்டுக்கு 6 சதவீத வளர்ச்சி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். போட்ட அசல் 43,200 டாலர். கையில் நிற்பது சுமார் 77,500. வளர்ச்சி மட்டும் 34,000-க்கு மேல். இதே பணம் சாதாரண முதலீட்டில் இருந்து, விற்கும்போது 15 சதவீத மூலதன ஆதாய வரி கட்ட வேண்டி வந்தால் 5,100 டாலருக்கு மேல் போயிருக்கும். இது 529 தரும் மத்திய வரிச் சலுகையின் அளவு.

மாநிலக் கழிவை எடுத்துக்கொள்வோம். இலினாயில் ஆண்டுக்கு 2,400 டாலருக்கு 119 டாலர் வீதம் 18 ஆண்டுகளில் சுமார் 2,140. மிச்சிகனில் சுமார் 1,840. இண்டியானாவில் மட்டும் 8,640.

இவற்றோடு முதலீட்டுக் கட்டணத்தையும் வைத்துப் பாருங்கள். திட்டத்தின் நிர்வாகச் செலவு ஆண்டுக்கு 0.75 சதவீதம் கூடுதலாக இருந்தால், 6 சதவீத வளர்ச்சி 5.25 ஆகிறது. கடைசியில் கிடைப்பது சுமார் 71,700. ஏறத்தாழ 5,800 டாலர் காணாமல் போகிறது. இலினாயின் 18 ஆண்டுக் கழிவைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் இது. முகவர் மூலம் விற்கப்படும் திட்டங்களில் கட்டணம் அதிகம். மாநிலத்திடமே நேரடியாகத் தொடங்கும் திட்டங்களில் குறைவு. இலினாய், மிச்சிகன், நியூயார்க் போன்றவற்றின் நேரடித் திட்டங்கள் மலிவானவை, அங்கே கழிவையும் வாங்கிக் குறைந்த கட்டணத்தையும் அனுபவிக்கலாம். கழிவு சிறியதாகவும் சொந்தத் திட்டத்தின் கட்டணம் பெரியதாகவும் இருக்கும் இடத்தில், கழிவுக்காக அதில் சேர்வது கைக்காசைக் கொடுத்துச் சில்லறை வாங்குவதுதான்.

ஆக, காலமும் கட்டணமும் முதலில் வருகின்றன. கழிவு அவற்றுக்குப் பின்னால் நிற்கிறது. இண்டியானா போன்ற ஓரிரு இடங்கள் மட்டும் இதற்கு விலக்கு.

யாருக்குப் போய்ச் சேர்கிறது?

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். மாநில வரியே கட்டத் தேவையில்லாத அளவு குறைந்த வருமானம் உள்ளவருக்கு வருமானக் கழிவால் ஒரு பயனும் இல்லை. மாதம் 50 டாலர் மிச்சம் பிடிப்பவருக்கு இலினாய் தருவது ஆண்டுக்கு 30 டாலருக்கும் குறைவு. 20,000 போட முடிந்த தம்பதிக்கு அதே மாநிலம் 990 டாலர் தருகிறது. உதவி அதிகம் தேவைப்படுபவருக்குக் குறைவாகவும், குறைவாகத் தேவைப்படுபவருக்கு அதிகமாகவும் போய்ச் சேரும்படி இதன் இயல்பே அமைந்திருக்கிறது.

மத்தியச் சலுகையிலும் இதே கோணல் உண்டு. 2025-இல் வரிக்குரிய வருமானம் 96,700 டாலருக்குள் இருக்கும் தம்பதிக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி ஏற்கெனவே பூஜ்யம். வரியில்லா வளர்ச்சி என்ற பரிசு அவர்களுக்குப் பெரிதாக எதையும் கூட்டிக் கொடுப்பதில்லை.

மத்திய அரசின் கணக்காய்வு அலுவலகம் 2012 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை இதை எண்களில் காட்டியது. 2010-இல் 529 போன்ற கல்விச் சேமிப்புக் கணக்கு வைத்திருந்த குடும்பங்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. அவர்களுடைய இடைநிலை நிதிச் சொத்து மற்றவர்களுடையதைப்போல் சுமார் 25 மடங்கு. வருமானம் சுமார் 3 மடங்கு.

2015 ஜனவரியில் அதிபர் ஒபாமா, புதிதாகப் போடும் பணத்தின் வளர்ச்சிக்கு வரி போட்டு, அந்தப் பணத்தை நடுத்தர, ஏழை மாணவர்களுக்கான தள்ளுபடிகளுக்குத் திருப்ப முன்மொழிந்தார். இரு கட்சிகளிலிருந்தும் எதிர்ப்பு கிளம்பியது. அந்த மாதம் முடிவதற்குள் திட்டத்தைக் கைவிட்டார். ஒரு சலுகை நடுத்தர வர்க்கத்தின் மேல்தட்டில் வேர்விட்டுவிட்டால் அதைப் பிடுங்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு அது சாட்சி.

கழிவால் சேமிப்பு உண்மையிலேயே கூடுகிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பல மாநிலங்களில், இந்த மாதம் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணத்தை முதலில் 529 கணக்கில் போட்டு, சில நாளில் எடுத்துக் கட்டி, கழிவைப் பெற்றுவிட முடிகிறது. இதில் சேமிப்பு எங்கே இருக்கிறது? மிச்சிகன் போட்டதில் எடுத்ததைக் கழித்து, மீந்ததற்கு மட்டும் சலுகை தருவதால் இந்த வழியை அடைத்திருக்கிறது. மற்ற மாநிலங்களும் பின்பற்ற வேண்டிய விதி அது.

வேறு வழிகள் இருக்கின்றன

கழிவைத் தவிர வேறு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. சில மாநிலங்கள் செய்தே காட்டியிருக்கின்றன.

ஓரிகன் 2020-இல் பழைய கழிவை மாற்றித் தள்ளுபடி முறைக்கு வந்தது. தொடக்கத்தில் தம்பதிக்கு அதிகபட்சம் 300 டாலர். ஆண்டு வருமானம் 30,000 டாலருக்குள் இருந்தவர்களுக்கு 300 போட்டாலே 300-உம் கிடைத்தது. 2,50,000-க்கு மேல் சம்பாதித்தவர்கள் அதே 300-ஐப் பெற 6,000 போட வேண்டியிருந்தது. கட்ட வேண்டிய வரி இல்லாவிட்டாலும் தொகை கைக்கு வரும். மின்னசோட்டாவும் வருமானம் ஏற ஏறக் குறையும்படி 500 டாலர் வரை தள்ளுபடி வைத்திருக்கிறது.

இன்னும் ஒரு படி மேலே போனவை, குழந்தை பிறந்ததும் விதைப்பணம் போடும் திட்டங்கள். மெயின் மாநிலத்தில் காலணித் தொழிலதிபர் ஹெரால்ட் ஆல்ஃபண்டின் அறக்கட்டளை, அங்கு வாழும் ஒவ்வொரு பச்சிளங் குழந்தைக்கும் 500 டாலர் ஒதுக்குகிறது. முதலில் பெற்றோர் கணக்குத் தொடங்கிக் கேட்க வேண்டியிருந்தது; பின்னர் விண்ணப்பமே இல்லாமல் தானாகக் கிடைக்கும்படி மாற்றினார்கள். பென்சில்வேனியா 2019 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு 100 டாலர் ஒதுக்குகிறது. கழிவே தராத கலிபோர்னியா, அரசுப் பள்ளிகளில் படிக்கும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 500 முதல் 1,500 டாலர் வரை கணக்கில் போடுகிறது. இந்த ஒன்றை வைத்துப் பார்த்தால், அக்காவுக்கு ஒன்றும் தராத மாநிலம் அவர் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் பிள்ளைக்குத் தருகிறது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஓக்லஹோமாவில் 2007-இல் தொடங்கிய ஆய்வு இதற்கு வலுவான சான்று. ஏறத்தாழ 2,700 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் 1,000 டாலரோடு 529 கணக்கைத் தொடங்கினார்கள். செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஷெரடன் குழு பின்தொடர்ந்து பார்த்தபோது, கணக்கு பெற்ற தாய்மாரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்திருந்தன. பிள்ளையின் படிப்பைப் பற்றிய எதிர்பார்ப்பு தளராமல் நின்றது. குழந்தைகளின் சமூக, மனவளர்ச்சியும், குறிப்பாக ஏழை வீடுகளில், சற்று மேம்பட்டிருந்தது. அந்தப் பணம் அப்போது செலவாகியிருக்கவில்லை. "இந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும்" என்ற நினைப்பை அது வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தது. டிசம்பர் மாதத்து வரிக்கழிவால் அதைக் கொண்டுவர முடியாது.

தமிழ்க் குடும்பங்கள் யோசிக்க வேண்டியவை

ஊர் திரும்பும் எண்ணம் உள்ளவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். 529 பணத்தை வரியில்லாமல் செலவழிக்க, கல்லூரி அமெரிக்கக் கல்வித் துறையின் மாணவர் உதவித் திட்டங்களில் பங்கேற்கத் தகுதி பெற்றதாக இருக்க வேண்டும். பிரிட்டனிலும் கனடாவிலும் பல பல்கலைக்கழகங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. பிள்ளையைக் கோவையிலோ வேலூரிலோ படிக்க வைக்க நினைப்பவர், அந்தக் கல்லூரி பட்டியலில் உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, அமெரிக்கச் சட்டம் தரும் விலக்கு இந்திய வருமான வரித் துறையைக் கட்டுப்படுத்தாது. இந்தியாவில் நிரந்தரமாகக் குடியேறி, உலக வருமானத்துக்கு வரி கட்டும் நிலை வந்தபின் கணக்கை என்ன செய்வது என்பதை, இரு நாட்டுச் சட்டமும் அறிந்த ஆடிட்டரிடம் திரும்புவதற்கு முன்பே கேட்பது நல்லது.

பிள்ளைக்கு உதவித்தொகை கிடைத்துப் பணம் மிஞ்சிவிடுமோ என்ற பயமும் பலருக்கு உண்டு. பயனாளியாகத் தம்பியையோ தங்கையையோ மாற்றலாம். 2024 முதல், 15 ஆண்டுகள் ஆன கணக்கிலிருந்து வாழ்நாளில் 35,000 டாலர் வரை பிள்ளையின் ராத் ஓய்வுக்காலக் கணக்குக்கு, ஆண்டு வரம்புக்கு உட்பட்டு, மாற்றலாம். கடைசி ஐந்தாண்டில் போட்ட பணத்துக்கு இது பொருந்தாது. ஆகவே கணக்கின் வயதே இப்போது ஒரு சொத்து. சிறிய தொகையானாலும் குழந்தை பிறந்த ஆண்டிலேயே தொடங்குவதற்கு இது இன்னொரு காரணம்.

நிதியுதவிக் கணக்கிலும் அஞ்சத் தேவையில்லை. பெற்றோர் பெயரில் உள்ள 529 பணத்தில் அதிகபட்சம் 5.64 சதவீதத்தைத்தான் குடும்பத்தின் பங்காக எடுத்துக்கொள்கிறார்கள். தாத்தா பாட்டி பெயரில் உள்ள கணக்கிலிருந்து எடுப்பதை 2024-25 கல்வியாண்டு முதல் மத்திய நிதியுதவி விண்ணப்பத்தில் காட்டவே வேண்டியதில்லை.

முடிவாக

மாநில வரிக்கழிவு கெட்டதல்ல. கிடைக்கும் மாநிலத்தில் இருப்பவர் அதை விடக்கூடாது. ஆனால் அது திட்டத்தின் உயிர் அல்ல. சீக்கிரம் தொடங்குவது, விடாமல் போடுவது, குறைந்த கட்டணத் திட்டத்தைத் தேர்வது ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் கழிவில்லாத டல்லாஸ் தம்பியின் பிள்ளையும் நிம்மதியாகப் படிக்கும். இவை மூன்றும் தவறினால் சிகாகோ அண்ணன் வாங்கும் கழிவு அவரைக் காப்பாற்றாது.

பொதுக்கொள்கையாகப் பார்த்தால் தீர்ப்பு கடுமையாகத்தான் இருக்கும். அமெரிக்க மாணவர்களின் தோளில் 1.6 லட்சம் கோடி டாலருக்கும் அதிகமான கடன் இருக்கிறது. அந்தக் கடனில் மூழ்கும் வீடுகளுக்கு வருமானக் கழிவு எட்டுவதே இல்லை. ஓரிகன் செய்ததைப்போல் கழிவைத் தள்ளுபடியாக மாற்றி, மெயின் செய்ததைப்போல் விதைப்பணத்தைக் கேட்காமலே கொடுத்தால், இதே பொதுப்பணம் சரியான வீட்டு வாசலுக்குப் போகும். வாக்குரிமை பெற்ற தமிழர்கள் தம் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் தமக்குரிய கழிவோடு சேர்த்து இதையும் கேட்க வேண்டும்.

வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்களுக்கு ஒரு சொல். டிசம்பருக்காகக் காத்திருக்காதீர்கள். உங்கள் மாநிலத்தின் இந்த ஆண்டு விதியை அதன் திட்ட இணையதளத்தில் ஒருமுறை படித்துவிட்டு, இருபத்தைந்து டாலரோடாவது இந்த வாரமே கணக்கைத் தொடங்குங்கள்.